ரதியின் நாற்பத்தைந்து நிமிடம்

கொட்டாஞ்சேனையில் இருபது வருடத்துக்கு மேலாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். சாரிக்குப் பொக்கெட் வைத்துத் தரச் சொல்லி வந்தவள் இதுவரை ஒருத்திதான். அவள் பெயர் ரதி. எத்தனை பொக்கெட் வைத்தேன், எங்கே வைத்தேன் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அது அவளுடைய தொழில் சம்பந்தப்பட்டது. மற்றதெல்லாம் சொல்கிறேன்.

ரதிக்கு நாற்பத்தொரு வயது. அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, பதினெட்டு வயதில் கொழும்புக்கு வேலைக்கு வந்தவள். புருஷன் யோகராஜ் ஓட்டோ ஓடுகிறான். ரதி கிழமை நாட்களில் எங்கள் வீதி முனையில் உள்ள சேனலிங் சென்டரில் நம்பர் கூப்பிடுவாள். டொக்டரைப் பார்க்க வருகிறவர்களுக்கு நம்பர் துண்டு கொடுத்து, வரிசையாக இருத்தி, ஒவ்வொருவராக உள்ளே அனுப்புகிற வேலை. சனி, ஞாயிறுகளில் மெஜிக் எட்வேட்டோடு போவாள்.

எட்வேட் எங்கள் பகுதி ஆள். அறுபது தாண்டியும் தலைமுடிக்குக் கறுப்புப் பூசி, கறுப்புக் கோட்டும் போட்டுக்கொண்டு பிறந்தநாள் வீடுகளிலும் பாடசாலை விழாக்களிலும் மெஜிக் காட்டுவார். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல் அவருக்கு. மேடையில் பேச்சு முழுக்க அவருடையதுதான். ரதி மினுங்குகிற உடுப்போடு பக்கத்தில் நின்று சாமான்களை எடுத்துக் கொடுப்பாள். ஒரு வித்தை முடிந்ததும் இரண்டு கைகளையும் நீட்டி எட்வேட்டைக் காட்டிச் சிரிப்பாள். கடைசியில் ஒரு பெட்டிக்குள் போய்ச் சுருண்டு கிடப்பாள். எட்வேட் அந்தப் பெட்டிக்குள் பத்து வாள்களை ஒவ்வொன்றாகச் செருகுவார். இப்படியே பதினான்கு வருடம். அவ்வளவு காலத்திலும் மேடையில் நின்று அவள் ஒரு சொல் கதைத்ததில்லை.

அந்த மினுங்குகிற உடுப்புகளைத் தைத்தது நான்தான். சனங்களுக்கு எட்வேட்தான் மெஜிக்காரர். ஆனால் இரண்டு பேருக்கும் தைத்த எனக்கு வேறொன்று தெரியும். அவருடைய கோட்டில் இரண்டு பொக்கெட். ரதியின் உடுப்பில் ஏழு.

போன வருடம் எட்வேட்டுக்கு மெல்பனில் இருக்கும் மகளிடம் போக விசா வந்தது. திரும்பி வருகிற எண்ணம் இல்லை. சாமான்களை யாருக்காவது கொடுத்துவிட நினைத்தார். கல்கிசையில் இருந்து, ஹோட்டல்களில் ஷோ செய்கிற ஒரு இளைஞர் பார்க்க வந்தார். ரதியும் அன்று அங்கே நின்றாள். எட்வேட் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு போனாராம்.

"இது வாள் பெட்டி. இது தண்ணிக் குடம். இந்த மேசைக்கு அடியில ஒரு தட்டு இருக்கு, பாருங்க. இது ரதி. பெட்டிக்குள்ள போக நல்லாப் பழகினவ. விருப்பமெண்டா இவவையும் சேர்த்து எடுக்கலாம்."

வந்தவர் ரதியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மரியாதையாகத்தான் சொன்னாராம்: "எங்கட ஷோவுக்கு இருபது, இருபத்திரண்டு வயசுப் பிள்ளைகளத்தான் எடுக்கிறது, அங்கிள்."

எட்வேட்டில் பெரிய பிழை சொல்ல மாட்டேன். தான் போன பிறகு ரதிக்கு ஒரு வழி செய்துவிட வேண்டும் என்றுதான் அவர் அப்படிச் சொன்னார். ஆனால் குடத்துக்கும் மேசைக்கும் பிறகு தன் பெயர் வந்தது ரதிக்குச் சுட்டுவிட்டது. அந்த இளைஞர் சாமான்களை மட்டும் எடுத்துக்கொண்டு போன பிறகு, தான் நினைத்தே பார்த்திராத ஒன்று தன் வாயிலிருந்து வந்தது என்று என்னிடம் சொன்னாள்.

"அண்ணே, நான் தனியா ஷோ செய்யப் போறேன்."

எட்வேட் சிரித்தார். "நீயா? மேடையில நீ வாயத் திறந்து நான் கண்டதே இல்லையே, ரதி. மெஜிக்கில பாதி பேச்சு. இப்ப சாமானும் இல்ல. எத வச்சுச் செய்வே?"

ரதி வீட்டுக்குப் போய், அங்கிருந்து நேரே என் கடைக்கு வந்தாள். கையில் ஒரு கத்தரிப்பூ நிறச் சாரியும், இன்னொரு பையில் ஒரு குடையும் டிபன் கரியரும் சுளகும் இருந்தன.

"அக்கா, எங்கிட்ட பெட்டி இல்ல. வீட்டுல சாமான் இருக்கு. இதுகள வச்சே செய்யலாம்னு பாக்குறேன். நீங்க இந்தச் சாரியில எனக்குப் பொக்கெட் வச்சுக் குடுக்கணும்."

"சாரியிலயோ? ஏன், வழமையான உடுப்பு இருக்குத்தானே?"

"அது பக்கத்துல நிக்கிறவளோட உடுப்பு, அக்கா. சாரியில ஆறு யார் துணி இருக்கு. எட்வேட் அண்ணன் கோட்டுல இவ்வளவு எடம் ஏது?"

அன்றிலிருந்து வேலை முடிந்து வருகிற வழியில் என் கடையில், உடுப்பு அளவு பார்க்கிற கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகினாள். குடையைச் சுருக்கிப் பேப்பரில் சுற்றுவாள். பிரித்தால் வெறும் கம்பிதான் இருக்கும். குடைத் துணி சுளகில் கிடக்கும். நான் மூன்று அடி தள்ளித்தான் இருப்பேன். பொக்கெட் தைத்தவளும் நான்தான். அப்படியிருந்தும் ஒரு தடவையாவது அவள் கை போன இடத்தை நான் கண்டுபிடித்ததில்லை. அவளுடைய கைகள் அப்படிப்பட்டவை.

ஆனால் வாய் மூடியே இருக்கும்.

"கதைச்சுக்கொண்டு செய் பாப்பம்," என்பேன். கதைக்கத் தொடங்கினால் கை நிற்கும். கை ஓடினால் கதை நிற்கும். "பழகிரும்," என்பாள்.

பழகுவதற்கு முன்னரே ஒரு சந்தர்ப்பம் வந்தது. பாமன்கடையில் ரிஸ்னா என்று எனக்கொரு வாடிக்கை. அவளுடைய மகளின் ஏழாவது பிறந்தநாளுக்கு மெஜிக் வேண்டும் என்றாள். நான்தான் அவசரப்பட்டு ரதியைச் சொன்னேன்.

நானும் கூடப் போயிருந்தேன். வீட்டு முன்கூடத்தில் பிள்ளைகளும் பெரியவர்களுமாக நாற்பது பேர் இருப்பார்கள். ரதி போய் நின்றாள். சிரித்தாள். பதினான்கு வருடப் பழக்கத்தில் இரண்டு கைகளையும் வலது பக்கம் நீட்டினாள். அங்கே ஒருவரும் இல்லை. ஒரு அலுமாரிதான் இருந்தது. கையை இறக்கவும் தெரியாமல் அப்படியே நின்றாள். முன்னால் இருந்த ஒரு சின்னப் பிள்ளை தாயிடம் கேட்டது: "உம்மா, மெஜிக்காரர் எப்ப வருவார்?"

யாரோ சிரித்தார்கள். ரதி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. ரிஸ்னா நல்லவள். சட்டென்று போனில் ஒரு பாட்டைப் போட்டாள். அந்தப் பாட்டுக்குள் ரதி மூன்று வித்தைகளை விறுவிறென்று செய்தாள். குடை கை தவறி விழுந்தது. கும்பிட்டுவிட்டு, கேக்கும் சாப்பிடாமல் வெளியே வந்துவிட்டாள்.

யோகராஜின் ஓட்டோவில் திரும்பினோம். பொரளையில் வைத்து ரதி சொன்னாள்: "அக்கா, அந்தச் சாரிய நீங்களே வச்சுக்கங்க. பொக்கெட்டைப் பிரிச்சிட்டு யாருக்காவது குடுத்திருங்க."

யோகராஜ் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். அவன் அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. எட்வேட்டின் பெட்டிகளை ஏற்றி இறக்கியது அத்தனை வருடமும் அவன்தான். ஆனால் ஷோ நடக்கும்போது வெளியே ஓட்டோவோடு நிற்பான். "நான் ஒன்னோட மெஜிக்க முன்னுக்கு இருந்து பாத்ததே இல்ல, ரதி," என்று மட்டும் சொன்னான்.

மூன்று கிழமை அவள் கடைப் பக்கம் வரவில்லை. சாரியை நான் பிரிக்கவுமில்லை. மடித்து அலுமாரியில் வைத்திருந்தேன்.

மூன்றாம் கிழமை எனக்குப் பிரஷர் பார்க்க வேண்டியிருந்தது. சேனலிங் சென்டருக்குப் போனேன். ரதி நம்பர் துண்டைக் கையில் தந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டொக்டர் நான்கு மணிக்கு வர வேண்டும். ஐந்தரையாகியும் ஆளைக் காணவில்லை. சின்ன அறைக்குள் ஐம்பது பேர். புழுக்கம். பிள்ளைகள் அழுகின்றன. ஒரு பெரியவர் எழும்பிக் கத்தத் தொடங்கினார்.

"நாங்க செத்த பிறகுதான் டொக்டர் வருவாரோ?"

ரதி தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "செத்தவங்களுக்கு நம்பர் தேவையில்லங்க ஐயா, நேரா உள்ள போகலாம். நீங்க பதினாலு. உக்காருங்க."

அறை முழுவதும் சிரித்தது. பெரியவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கதவடியில் நின்ற சிங்கள நோனா ஒருவர் என்ன சொன்னாள் என்று கேட்க, அதையே சிங்களத்தில் இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னாள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டொக்டர் வந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. "இருபத்தி மூணு! விசிதுன! டுவென்டி த்ரீ! மூணு பாஷையிலயும் கூப்புட்டாச்சு. இனி வராட்டி, காது டொக்டரு வியாழக்கிழமைதான் வருவாரு, அப்ப வாங்க." எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிரஷர் குறைவாகத்தான் காட்டியது.

அன்று வேலை முடிந்ததும் ரதி கடைக்கு வந்தாள்.

"அக்கா, ஏன் அப்புடிச் சிரிச்சீங்க?"

"நீ சொன்னதுக்குத்தான்."

"நான் என்னா சொன்னேன்?"

உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை. அவள் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னேன். வேறு யாரோ சொன்னதைக் கேட்கிறவள் போலக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

"அங்கயும் அம்பது பேரு இருக்காங்க," என்றாள். "எல்லாரும் என்னையத்தான் பாக்குறாங்க. ஒரு நாளும் பயந்ததில்லயே. ஏன்கா?"

அவளே சொன்னாள்.

"டொக்டர் வர்ற வரைக்கும் அந்த ரூம் என்னோடது. யாருக்கும் பக்கத்துல நிக்கிற மாதிரி அங்க நான் நிக்கிறதில்ல." சட்டென்று எழும்பினாள். "சாரிய எங்க வச்சிருக்கீங்க?"

எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த நாள் காலை அவள் செய்த முதல் காரியம், வெள்ளவத்தையில் தியாகராசா ஐயாவுக்குப் போன் எடுத்ததுதான். அவர் அங்கே ஒரு நலன்புரிச் சங்கத்தின் செயலாளர். ஓய்வு பெற்ற கணக்காளர். அந்தச் சங்கத்தின் வருடாந்தக் குடும்ப தினத்துக்கு எட்வேட்தான் எப்போதும் மெஜிக் காட்டுவார். ரதி என் கடையில் இருந்துதான் கதைத்தாள். போனைச் சத்தமாக வைத்திருந்தபடியால் எனக்கும் கேட்டது.

"எட்வேட் போறாராம் எண்டு அறிஞ்சனான்," என்றார் அவர். "அப்ப உங்களோட ஆர் வருவினம்?"

"யாரும் இல்லங்க ஐயா. நான் மட்டுந்தான்."

"தனியாவோ? முக்கால் மணித்தியாலம் செய்ய வேணும் பிள்ளை. எங்கட சனம் லேசிலை கை தட்டாது."

"தட்டாட்டிப் பரவாயில்லங்க. எந்திரிச்சுப் போகாம இருந்தாப் போதும்."

பிறகு அவர் சிரித்தது கேட்டது. "சரி, வாருங்கோ," என்றார்.

இரண்டு மாதம் இருந்தது. ரதி புதிதாக எந்த வித்தையும் பழகவில்லை. பேச்சைத்தான் பழகினாள். ஒரு கொப்பியில் எழுதி மனப்பாடம் செய்து பார்த்தாள், அது சரிவரவில்லை. கொப்பியை எறிந்துவிட்டுச் சேனலிங் சென்டரிலேயே பழகத் தொடங்கினாள். எந்தச் சொல்லுக்குச் சனம் சிரிக்கிறது, எந்த இடத்தில் கொஞ்சம் பொறுத்தால் இன்னும் சிரிக்கும் என்று அங்கேயே கவனித்தாள். அங்கு வந்த நோயாளிகளுக்கு அது தெரியாது. ஷோவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஒரு பொக்கெட் பெரிதாக இருக்கிறது, மோதிரத்தைச் சட்டென்று பிடிக்க முடியவில்லை என்றாள். பிரித்துச் சின்னதாக்கிக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு ஷோ. காலி ஊருக்குப் போகும் காலி வீதியில் பம்பலப்பிட்டியைத் தாண்டியதும் ரதி தாகமென்று ஓட்டோவை நிறுத்தச் சொன்னாள். யோகராஜ் ஒரு சோடா வாங்கிக் கொடுத்தான். மண்டபம் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையொன்றில், இரண்டாம் மாடியில். பக்கத்துத் தண்டவாளத்தில் கோச்சி போகும்போது யன்னல் கண்ணாடிகள் அதிரும். இருநூறு கதிரையும் நிறைந்திருந்தது. மூன்றாவது வரிசையில் வெள்ளைச் சட்டையோடு எட்வேட் இருந்தார். பத்து நாளில் பிளேன் ஏற இருந்தவர். அவரை அழைத்ததும் ரதிதான்.

மேடைக்குப் பக்கத்து அறையில் அவளுடைய சாரி மடிப்பைச் சரிசெய்தேன்.

"அக்கா, போயிருவமா?"

உண்மையைச் சொல்கிறேன். எனக்கும் பயம்தான். பாமன்கடை இன்னொரு முறை நடந்தால் என்ன செய்வது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "நீ போவம் எண்டா போவம்," என்றேன். "யோகராஜ் கீழ ஓட்டோவோட நிப்பான்."

ரதி திரைச்சேலையை விலக்கிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். "கீழ இல்லக்கா. கடைசி வரிசையில உக்காந்திருக்காரு. தலைய வேற நனைச்சுச் சீவியிருக்காரு."

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நம்பர் துண்டுக் கட்டைக் கையில் எடுத்தாள். மேடைக்குப் போகவில்லை. பின் கதவால் போய் மண்டபத்துக்குள் சனங்களுக்கு நடுவே இறங்கினாள். நான் ஓடிப்போய் முன்வரிசை ஓரத்தில் இருந்துகொண்டேன்.

"நம்பர் எடுங்க, நம்பர் எடுங்க. தள்ளாதீங்க ஐயா. அம்மா, பிள்ளைக்குத் தனி நம்பர்." சனத்துக்கு முதலில் விளங்கவில்லை. மண்டபத்தில் வேலை செய்கிறவள் என்று நினைத்துத் துண்டுகளை வாங்கினார்கள். ரதி மேடையில் ஏறி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு எல்லோரையும் பார்த்தாள். "மெஜிக்காரரு இன்னும் வரல. வர ரெண்டு மணித்தியாலம் ஆகும். வந்தாலும் வருவாரு, வராட்டியும் வராம இருப்பாரு. அது வரைக்கும் நான்தான்."

அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிரிப்பு எழும்பியது. "நம்பர் ஏழு!" என்று கூப்பிட்டாள். குரல் நடுவில் கீறிக்கொண்டு போனது. அவள் தொண்டையைச் செருமி, "ஏழாம் நம்பர் என் தொண்டையில சிக்கிருச்சு. ஆளு எங்க?" என்றாள். ஒரு பெண்பிள்ளை துள்ளிக்கொண்டு ஓடி வந்தது. அதற்குப் பிறகு குரல் கீறவில்லை.

குடை, சுளகு, தேங்காய் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. கையும் வாயும் ஒன்றாக ஓடின. எங்கள் ஆட்கள் லேசில் கை தட்டாதவர்கள்தான். ஆனால் குடைக்குத் தட்டினார்கள். சுளகுக்கு இன்னும் தட்டினார்கள்.

அரை மணித்தியாலம் போன பிறகு, "முப்பத்தொண்ணு," என்று கூப்பிட்டாள். வந்தவர் தியாகராசா ஐயாவின் மனைவி அன்னபாக்கியம். நீலக்கல் வைத்த தன்னுடைய மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார். ரதி அதைக் கைலேஞ்சித் துணியில் சுற்றி, உதறினாள். மோதிரம் இல்லை. அடுத்ததாக அது, மேடைக்கு நடுவில் ஸ்டூலில் இருந்த டிபன் கரியரின் கடைசித் தட்டில் இருந்து வர வேண்டும்.

அவளுடைய இடது கை சாரிக்குள் போய் வந்தது. மறுபடியும் போய் வந்தது. நான் எழும்பிவிடப் பார்த்தேன். எனக்கு விளங்கிவிட்டது. நான் சின்னதாக்கிய அந்தப் பொக்கெட்டின் உள் தையல் விட்டுவிட்டது. அவசரத்தில் ஒற்றைத் தையல்தான் போட்டிருந்தேன். மோதிரம் இரண்டு துணிகளுக்கும் இடையில் இறங்கிவிட்டது. தொட்டால் தெரியும், எடுக்க முடியாது. கிழித்துத்தான் எடுக்க வேண்டும். இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க எப்படிக் கிழிப்பது?

ரதியின் முகத்தில் ஒரு கணம் சிரிப்பு இல்லை. பிறகு அன்னபாக்கியம் அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்:

"அம்மா, உங்க மோதிரம் பொறப்பட்டிருச்சு. காலி வீதியில ட்ரஃபிக்காம். வர்ற வரைக்கும் ஒரு கத சொல்றேன், கேக்குறீங்களா?"

இந்தக் கதை எந்தக் கொப்பியிலும் இருந்ததில்லை. நானும் கேட்டதில்லை.

"பதினாலு வருசம் நான் ஒரு பெட்டிக்குள்ள வேலை பாத்தேங்க. வெளிய இருந்து வாளால குத்துவாங்க. நீங்கல்லாம் 'ஐயோ, ஐயோ'ம்பீங்க. உள்ள கெடந்து நான் என்னா நெனப்பேன் தெரியுமா? பருப்ப ஊறப் போட்டேனா இல்லையான்னு."

பெண்கள்தான் முதலில் சிரித்தார்கள். பிறகு எல்லோரும். ரதி கை இரண்டையும் முன்னால் கட்டிக்கொண்டு நின்றாள். விரல் துணிக்குள் தேடுவது எனக்கு மட்டும் தெரியும்.

"ஒரு நாளு நாலாவது வாளு உள்ள வருது, எனக்குத் தும்மல் வந்திருச்சு. அடக்கிப் பாக்குறேன், முடியல. தும்மிட்டேன். வெளிய ஒரு சத்தமும் இல்ல. செத்துட்டேன்னு நெனச்சிட்டாங்க. ஒரு ஆச்சி ஒப்பாரியே தொடங்கிட்டாங்க. குத்துனவரு என்னா செஞ்சாரு தெரியுமா? பெட்டியத் தட்டி, 'ஜலதோசமா?'ன்னு கேட்டாரு. உள்ளுக்குள்ள இருந்து நான் தலையாட்டுறேன். யாருக்குத் தெரியும்?"

மண்டபம் அதிர்ந்தது. அது கோச்சி இல்லை. ரதி கொஞ்சம் பொறுத்தாள். சிரிப்பு அடங்கி வரும் நேரத்தில் வலது கையை நீட்டினாள்.

"அவரு வேற எங்கயும் இல்ல. இந்தா, மூணாவது வரிசையில உக்காந்திருக்காரு. வெள்ளச் சட்டை. பாத்துக்கங்க, பதினாலு வருசம் என்னையக் குத்துனவரு!"

இருநூறு தலைகளும் திரும்பின. எட்வேட் சிரித்துக்கொண்டே எழும்பி, பழைய பழக்கத்தில் குனிந்து வணக்கம் சொன்னார். எல்லோரும் அவருக்குக் கை தட்டினார்கள். அந்த இரைச்சலுக்குள் ரதியின் இடது கை ஒரு இழுப்பு இழுத்தது. துணி கிழிந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. அந்த மண்டபத்தில் திரும்பிப் பார்க்காமல் இருந்தவள் நான் ஒருத்திதான். அதற்குப் பிறகு அவள் கை என்ன செய்தது என்று எனக்கும் தெரியாது.

அன்னபாக்கியம் அம்மாவையே கரியரைத் திறக்கச் சொன்னாள். மேல் தட்டில் சோறு. அடுத்ததில் பருப்பு. அதற்கடுத்ததில் கத்தரிக்காய். கடைசித் தட்டில் ஒரு நம்பர் துண்டு, 'முப்பத்தொன்று' என்று எழுதி, அதில் சுற்றிய நீலக்கல் மோதிரம். அந்த அம்மா "கடவுளே" என்று நெஞ்சில் கை வைத்தார். சனம் எழும்பி நின்று தட்டியது. தியாகராசா ஐயாவும் எழும்பித்தான் தட்டினார். யோகராஜ் மட்டும் தட்டவில்லை. கடைசி வரிசையில் இரண்டு கைகளாலும் முன் கதிரையைப் பிடித்தபடி தன் மனுசியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ரதி கையை எந்தப் பக்கமும் நீட்டவில்லை. கும்பிட்டாள்.

பிறகு அந்தப் பக்கத்து அறைக்கு எட்வேட் வந்தார். வாசலில் கொஞ்சம் தயங்கினார்.

"ரதி, அந்தக் கரியர் எப்படிச் செஞ்சே? நான் கண்ண எடுக்காமப் பாத்துக்கொண்டுதான் இருந்தேன்."

"நீங்க அந்த நேரம் எந்திரிச்சுக் கும்பிட்டுக்கிட்டு இருந்தீங்கண்ணே," என்றாள் ரதி.

அவர் அதை விளங்கிக்கொள்ளக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் வாய்விட்டுச் சிரித்தார். கண் கலங்கியும் இருந்தது. போனை என்னிடம் தந்து ஒரு படம் எடுக்கச் சொன்னார். ரதி வழக்கம்போல ஓரமாக ஒதுங்கப் போனாள். அவர் அவளுடைய தோளைப் பிடித்து நடுவில் நிறுத்திவிட்டு, தான் ஓரமாக நின்றார். அந்தப் படம் இப்போது மெல்பனில் அவருடைய வீட்டுச் சுவரில் இருக்கிறதாம்.

திரும்பி வரும்போது ஓட்டோவுக்குள் நான் என் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். "அந்தப் பொக்கெட் என்ர பிழை, ரதி. ஒத்தைத் தையல் போட்டனான்."

"தெரியும்கா. கை வச்ச உடனயே தெரிஞ்சிருச்சு." வெளியே கடைகளைப் பார்த்தபடி தொடர்ந்தாள். "மொத அரை மணித்தியாலமும் நான் பயந்துகிட்டேதான் இருந்தேன். வெளிய தெரிஞ்சிருக்காது. மோதிரம் கைக்கு வராமப் போன அந்த நாலு நிமிசந்தான் பயமில்லாம இருந்துச்சு. பயப்பட நேரமே இல்ல. பெட்டிக்குள்ள கெடக்கிறப்போ கை தட்டுறது கேக்கும்கா. யாருக்கோ தட்டுற மாதிரி இருக்கும். இன்னைக்கு ஒவ்வொருத்தர் மொகத்தையும் பாத்தேன்."

யோகராஜ் ஓட்டோவை ஓட்டிக்கொண்டே சொன்னான்: "தும்மல் கதைய எங்கிட்ட நீ சொன்னதே இல்லயே."

"நீ கேட்டதே இல்லயே," என்றாள் அவள்.

இது நடந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. அதற்குள் பதினொரு ஷோ செய்துவிட்டாள். ரிஸ்னாவின் வீட்டுக்குக் கூப்பிடாமலே தானாகப் போய், அந்தப் பிள்ளைகளை இருத்தி ஒரு மணித்தியாலம் செய்து காட்டி, விட்டுவந்த கேக்குக்குப் பதிலாக வட்டிலப்பம் சாப்பிட்டுவிட்டு வந்தாள். சேனலிங் சென்டர் வேலையையும் விடவில்லை. அங்கே டொக்டர் வரப் பிந்தினால் இப்போது ஒருவரும் கத்துவதில்லை.

போன மாதம் ஹெவ்லொக் டவுனில் ஒரு பாடசாலையில் ஷோ. அறுநூறு பிள்ளைகள். நான் பக்கவாட்டில் ஊசி நூலோடு நின்றேன். எல்லாப் பொக்கெட்டுக்கும் இரட்டைத் தையல் போட்டிருந்ததால் எனக்கு வேலை இருக்கவில்லை. நடுவில் பத்து நிமிடம் ஒரு வித்தையும் செய்யாமல், வெறுங்கையோடு நின்று கதைத்துக்கொண்டே இருந்தாள். ஒரு பிள்ளை அசையவில்லை. பக்கத்தில் நின்ற ஆசிரியை என் காதருகே குனிந்து, "இவ எந்தக் குழு?" என்று கேட்டார்.

"குழு ஒண்டும் இல்லை ரீச்சர்," என்றேன். "தனி ஆள்."

சொல்லும்போது என் சத்தம் கூடிவிட்டது போலிருக்கிறது. முன்வரிசைப் பிள்ளைகள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்து, வாயில் விரல் வைத்து என்னை அடக்கினார்கள்.